ஒலிப்பதிவு அறைக்கு எந்தக் கணினி?

கேள்வி: என் மகள் கர்நாடக இசை பாடுகிறாள், நான் மிருதங்கம் வாசிக்கிறேன். வீட்டில் ஓர் அறையில் இருவரும் சேர்ந்து ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறோம். கடைக்காரர் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியை வாங்கச் சொல்கிறார். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. கணினிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பாதிக்கு மேல் வேண்டாம். ஒலிப்பதிவில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அதைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சல்தான் உங்கள் மகளின் கார்வைகளுக்கு நடுவே பதிவாகும். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள, சத்தமில்லாத மடிக்கணினி போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மைக்கின் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி இடம் பிடிக்கும் என்பதால், மூன்று மைக்குகளில் ஒரு மணி நேரம் பதிந்தாலும் 1.6 ஜிபியைத் தாண்டாது.

நீங்கள் யோசிக்க வேண்டியது, மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்பேஸைப் பற்றித்தான். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என உங்களுக்கு மூன்று மைக்குகள் தேவை. ஆகவே பலரும் வாங்கும் இரண்டு மைக் இன்டர்பேஸ் உங்களுக்குப் பயன்படாது. நான்கு இன்புட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் சில கருவிகளிலும் மைக்கின் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கும் மைக் பிரீஆம்ப் இரண்டுதான் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குரலுக்கு, மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் வாங்கினால், அதைக் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் பாண்டம் பவரும் இன்டர்பேஸில் இருக்க வேண்டும். மிருதங்கத்துக்கு, அந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கே போதும். ஒரே அறை என்பதால், முன்பக்க ஒலியையே பெரிதும் பிடிக்கும் கார்டியாய்டு வகைக் குரல் மைக்கின் முதுகுப்புறம் மிருதங்கத்தைப் பார்க்குமாறு உட்காருங்கள்; தாளம் குரலுக்குள் கசிவது வெகுவாகக் குறையும்.

விண்டோஸ் என்றால், இன்டர்பேஸ் தயாரிப்பாளர் தரும், ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ (ASIO) டிரைவர் மென்பொருளை நிறுவ மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பாடிய குரல் ஹெட்போனுக்குத் தாமதமாக வந்து, பாடுபவரின் லயத்தையே கலைத்துவிடும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள். தெருச் சத்தத்தை அது தடுக்காது. பாடுபவருக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திவைப்பது எதிரொலியை அதைவிட நன்றாக அடக்கும்.

பதிவை உள்ளபடியே கேட்க உதவும் மானிட்டர் ஸ்பீக்கர்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். இப்போதைக்குக் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் இரண்டு வாங்குங்கள். மின்னணுச் சுருதிப்பெட்டியை இன்டர்பேஸின் நான்காவது இன்புட்டில் செருகிவிட்டால், சுருதி இருவர் காதிலும் கேட்கும், மைக்கில் விழாது.