பட்டாவுக்கு ஒரு பொன் காசு: கவர்னர் செய்தது ஊழலா?

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்கில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல் பெய்டன் ராண்டால்ஃப் பற்றிப் பேசப் போகிறேன். அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, கவர்னர் டின்விடி பட்டாவுக்குக் கட்டணம் வாங்கியதை எதிர்த்து லண்டன் வரை போய்ப் புகார் செய்தவர். "ஊழலை எதிர்த்த அதிகாரி" என்று தலைப்பு வைத்தேன். பேராசிரியை, "அது ஊழலே இல்லை, மாற்று" என்கிறார். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகி, திருச்சி

பதில்: தங்கச்சி, தலைப்பு விஷயத்தில் உங்கள் பேராசிரியை சொல்வதுதான் சரி. அதற்காக ராண்டால்ஃப் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதையைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தக் காசைப் பாருங்கள். ராபர்ட் டின்விடி 1751 கடைசியில் வந்து பொறுப்பேற்றார். பெயருக்கு லெப்டினன்ட் கவர்னர், நடைமுறையில் அவர்தான் கவர்னர். அடுத்த ஏப்ரலில், நிலப் பட்டாவுக்கு முத்திரை வைக்க ஒரு பிஸ்டோல் தர வேண்டும் என்று முடிவு செய்தார். பிஸ்டோல் என்பது ஸ்பானியப் பொன் நாணயம், மதிப்பு 16 ஷில்லிங்குக்கு மேல். நூறு ஏக்கருக்கு வருட நிலவரியே 2 ஷில்லிங்தான் என்றால் எட்டு வருட வரியை ஒரே முத்திரைக்குக் கேட்கிறார், அதுவும் கஜானாவுக்கு இல்லை, தனக்கு. ஆனால் மறைத்து வாங்கவில்லை. தன் ஆலோசனை சபையைக் கேட்டார், லண்டனில் காலனிகளைக் கவனித்த வர்த்தக வாரியத்தின் சம்மதமும் வாங்கினார். பதவிக்கு உரிய கட்டணம் அதிகாரிக்கே போவது அன்று சாதாரணம். இதை ஊழல் என்று நீங்கள் சொன்னால், எதிரே இருப்பவர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

சரி, அப்புறம் குறை எங்கே? சட்டசபையைக் கேட்காமல் வாங்கியதில். 1680களில் எஃபிங்காம் பிரபு கவர்னராக இருந்தபோது முத்திரைக்கு 200 பவுண்டு எடைப் புகையிலை கேட்டார், அப்போதும் சட்டசபை லண்டனுக்கு ஆள் அனுப்பி அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு முத்திரைக்குக் காசு கிடையாது என்றே ஜனங்கள் பழகியிருந்தார்கள். மக்கள் பிரதிநிதிகள் சம்மதிக்காத கட்டணம் வரிக்குச் சமம் என்று உறுப்பினர் ரிச்சர்ட் பிளாண்ட் எழுதினார். பிற்பாடு அமெரிக்கப் புரட்சியில் கேட்ட அதே வாதம், இருபது வருடம் முன்பே. உங்கள் பேச்சின் உயிர் இந்த இடம்தான், இங்கே நிதானமாக நில்லுங்கள்.

ஆனால் மறுபக்கத்தை மறைக்காதீர்கள். நிலவரியைத் தள்ளிப்போடுவதற்காகவே, அளந்து முடித்த நிலத்துக்குப் பட்டா வாங்காமல் இருந்தவர்கள் நிறையப் பேர். சட்டசபையில் இருந்தவர்களில் பலர் பெரிய நிலக்காரர்கள், அவர்களுக்கும் இதில் சுயநலம் உண்டு. ராண்டால்ஃபின் நிலைமை இன்னும் சிக்கல். அவர் அரசரின் வழக்கறிஞர், கூடவே சட்டசபை உறுப்பினர். 1753 கடைசியில் சட்டசபை அவருக்கு 2,500 பவுண்டு ஒதுக்கி, அரசரின் பிரதிநிதி மேலேயே புகார் சொல்ல அனுப்புகிறது. டின்விடியிடம் அனுமதி இல்லாமல் கப்பல் ஏறினார், வேலை போனது, அந்த இடத்தில் ஜார்ஜ் வைத் என்ற வழக்கறிஞர் உட்கார்ந்தார். விடுப்பு இல்லாமல் போனது தப்புதான், நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். என்றாலும் மொட்டைக் கடிதம் எழுதவில்லை, வேலை போகும் என்று தெரிந்தே தன் பெயரில் போய் நின்றார் பாருங்கள், அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

1754 ஜூனில் லண்டனில் அரசரின் ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில் விசாரித்தது. கட்டணம் வாங்கும் உரிமையை அது ரத்து செய்யவில்லை. ஆனால் லண்டன் போட்ட நிபந்தனைகளைப் படியுங்கள்: நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலத்துக்கு வாங்கக்கூடாது, மலைக்கு மேற்கே உள்ள நிலத்துக்கு வாங்கக்கூடாது, 1752 ஏப்ரல் 22க்கு முன்பே தொடங்கிய மனுக்களுக்கும் வாங்கக்கூடாது, ராண்டால்ஃபுக்குப் பழைய பதவியைத் திருப்பித் தர வேண்டும். கொள்கையில் டின்விடிக்கு வெற்றி, கைக்கு வந்தது கொஞ்சம்தான். அந்த ஜூலையில் வர்ஜீனியாப் படையோடு போன ஜார்ஜ் வாஷிங்டன் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றுச் சரணடைந்திருந்தார். போருக்கு 20,000 பவுண்டு தேவைப்பட்டபோது, சட்டசபை ராண்டால்ஃபின் 2,500ஐ அதே மசோதாவில் சேர்த்துக் கட்டியது. டின்விடி மறுத்து சபையை ஒத்திவைத்தார். எல்லைக்குப் பணம் இல்லாத நேரத்தில் இரண்டு தரப்பும் செய்த பிடிவாதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள். வைத் மட்டும், ராண்டால்ஃப் திரும்பி வந்ததும் நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

தலைப்பை "கவர்னரின் கட்டணமும் அட்டர்னி ஜெனரலின் புகாரும்" என்று வையுங்கள். 1774இல் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதல் கண்டக் காங்கிரஸுக்குத் தலைவரானவர் இதே ராண்டால்ஃப் என்பதை ஆரம்பத்திலேயே சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நேரம் போதவில்லை என்றால் எஃபிங்காம் கதையைச் சுருக்குங்கள், லண்டன் போட்ட நிபந்தனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.