வீட்டில் செய்யும் புரோட்டீன் பார் உடலுக்கு நல்லதா?

கேள்வி: எனக்கு 46 வயது; எடை 64 கிலோ. கடந்த மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 என்று வந்தது. இனிப்புச் சாப்பிடும் பழக்கத்தை அடியோடு விட முடியவில்லை. அதனால் கடையில் விற்கும் புரோட்டீன் பாருக்குப் பதிலாக, 200 கிராம் வறுத்த வேர்க்கடலை, 200 கிராம் பேரீச்சம்பழம், 100 கிராம் தேன், 100 கிராம் ஓட்ஸ் ஆகியவற்றை அரைத்துத் தட்டி, மேலே 100 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கி ஊற்றி, 16 துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்கிறேன். சர்க்கரை துளியும் சேர்ப்பதில்லை. நாளுக்கு இரண்டு துண்டு சாப்பிடலாமா? ஜிம்முக்குப் போகும் என் 17 வயது மகன் இதில் வே புரோட்டீன் பவுடரையும் கலக்கச் சொல்கிறான். கிரியாட்டினின் 1.9 உள்ள என் 72 வயது மாமனாருக்கும் இதைக் கொடுக்கலாமா?

பதில்: கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 வரை இருப்பதை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறோம். இந்த நிலையில் உள்ளவர் இனிப்பை முற்றிலும் துறந்துவிட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ஆனால் தாம் சாப்பிடுவது இனிப்பு என்பதை அறிந்து, அதற்குரிய அளவோடு சாப்பிட வேண்டும். தாங்கள் செய்யும் பார் நல்ல பொருள்களால் ஆனது. கடையில் வாங்கும் பலவற்றில் சேரும் குளுக்கோஸ் சிரப்பும் பாமாயிலும் இதில் இல்லை. ஆனாலும் அது புரத உணவு அன்று. புரதத்தின் பெயரைச் சூடிக்கொண்ட ஓர் இனிப்பு. தாங்கள் எழுதிய அளவுகளையே வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

வறுத்த வேர்க்கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. ஆகவே 200 கிராமில் 48 கிராம் கிடைக்கும். ஓட்ஸிலிருந்து 13 கிராம், சாக்லேட்டிலிருந்து சுமார் 7 கிராம், பேரீச்சம்பழத்திலிருந்து 4 கிராம் சேர்ந்தால் மொத்தம் 72 கிராம். அதை 16 துண்டுகளுக்குப் பங்கிட்டால் ஒரு துண்டுக்கு நாலரை கிராம்தான் வருகிறது. கலோரிக் கணக்கோ மொத்தம் 2,900-க்குச் சற்று மேலே போய், ஒரு துண்டுக்கு 180-ஐத் தாண்டுகிறது. சர்க்கரைச் சத்தும் துண்டுக்கு 15 கிராம் அளவில், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடாக, இருக்கிறது. ஓர் அவித்த முட்டையில் 70 கலோரிக்கே 6 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாளுக்கு இரண்டு துண்டு என்றால், 9 கிராம் புரதத்துக்காக 30 கிராம் சர்க்கரையையும் 360-க்கு மேற்பட்ட கலோரியையும் ஏற்றுக்கொள்கிறீர்கள். தங்கள் ஹெச்பிஏ1சி அளவுக்கு இது ஏற்றதன்று.

ஓர் உணவில் எத்தனை கிராம் புரதம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அந்தப் புரதத்துக்காக எத்தனை கலோரியைச் செலவிடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பண்டத்தின் உறையில் ‘புரதம் மிகுந்தது’ என்று அச்சிட வேண்டுமானால், அதன் மொத்தக் கலோரியில் 20 விழுக்காடாவது புரதத்திலிருந்து வந்திருக்க வேண்டும். 1 கிராம் புரதம் 4 கலோரி தருவதால், உறையிலுள்ள புரத அளவை நான்கால் பெருக்கி, மொத்தக் கலோரியால் வகுத்து, யாரும் வீட்டிலேயே இதைச் சரிபார்க்கலாம். தங்கள் பாரில் அந்த விகிதம் 10 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இரண்டு பங்கு வேர்க்கடலைக்கு ஒரு பங்கு வெல்லம் என்ற கணக்கில் செய்த கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டால், 30 கிராம் துண்டில் 5 கிராம் புரதமும் 150 கலோரியும் இருக்கும். விகிதம் 13 விழுக்காடு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தன்னைப் புரோட்டீன் பார் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. இருந்தும் இந்தக் கணக்கில் அந்த வகை மிட்டாய் தங்கள் பாரை முந்திவிடுகிறது.

குறை வேர்க்கடலையிலும் ஓரளவு இருக்கிறது. அதைப் புரதப் பொருளாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கொழுப்பு. அது இதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகைக் கொழுப்புத்தான் என்றாலும், 1 கிராமுக்கு 9 கலோரி என்ற கணக்கில் மாற்றமில்லை. மாறாக, நாம் சட்னிக்கு அரைக்கும் பொட்டுக்கடலையில், தென்மாவட்டங்களில் பொரிகடலை என்பார்கள், 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்க, கொழுப்பு 5 கிராம் அளவே உண்டு. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கொழுப்பு ஏறக்குறைய இல்லை. ஆகவே புரதத்தைப் பொட்டுக்கடலையிடமும் பால் பவுடரிடமும் ஒப்படைத்துவிட்டு, சுவைக்காகவும் மாவு சேர்ந்து பிடிப்பதற்காகவும் மட்டும் வேர்க்கடலையை வைத்துக்கொண்டால் கணக்கு வெகுவாக மாறிவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பருப்பு வகைகளில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. நான் கீழே சொல்லும் செய்முறையில் சேரும் எள்ளில் அது மிகுதி. எள்ளில் குறையும் லைசின் என்னும் இன்னோர் அமினோ அமிலத்தைப் பருப்பும் பாலும் தந்துவிடுகின்றன.

அடுத்து, ‘சர்க்கரை துளியும் சேர்ப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுதும் வாசகர்கள் பலர். அவர்கள் நேர்மையாகவே அப்படி நம்புகிறார்கள். ஆனால் தேனின் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றையும் ஒரே கணக்கில் வைத்து, இவை எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள், இயன்றால் 5 விழுக்காட்டுக்குள், இருக்க வேண்டும் என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. வெல்லத்தில் இரும்புச்சத்து இருப்பது உண்மையே. ஆனால் ஒரு துண்டில் சேரும் 10 கிராம் வெல்லத்திலிருந்து கிடைக்கும் இரும்பு பொருட்படுத்தும் அளவினது அன்று. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து இருப்பதால் அதைத் தேனுக்குச் சற்று மேலாக வைக்கலாம். எனினும் அதன் எடையிலும் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை உண்டு. இவற்றை விலக்கிவிட்டுச் செயற்கை இனிப்பூட்டிகளுக்குப் போகவும் நான் பரிந்துரைப்பதில்லை. எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. கடையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்கும் பார்களில் சேரும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்றவை பலருக்கு வயிற்று உப்புசத்தையும் பேதியையும் உண்டாக்குகின்றன. நாக்கைக் கொஞ்சம் குறைந்த இனிப்புக்குப் பழக்குவதே நல்லது. சில வாரங்களில் அது பழகிவிடும்.

இனி, நான் சொல்லும் செய்முறை. 80 கிராம் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை 100 மில்லி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரோடு சேர்த்து விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி, எண்ணெய் பிரிந்து குழையும் வரை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். 150 கிராம் பொட்டுக்கடலையை மாவாக்கிச் சலித்து, அதனுடன் 100 கிராம் இனிப்புச் சேர்க்காத, கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும், 15 கிராம் கொக்கோ பவுடரையும், வறுத்த 30 கிராம் எள்ளையும், ஒரு சிட்டிகை உப்பையும், ஏலக்காய்ப் பொடியையும் கலந்து, இரண்டு விழுதுகளையும் சேர்த்துப் பிசையுங்கள். மாவு உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் தெளிக்கலாம். கையில் ஒட்டினால் பொட்டுக்கடலை மாவு கொஞ்சம் தூவலாம். நெய் தடவிய தட்டில் அழுத்திப் பரப்பி, ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 16 துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டில் ஆறரை கிராம் புரதமும் 120 கலோரியும் இருக்கும். புரதத்தின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பழத்திலிருந்து வரும் சர்க்கரை துண்டுக்கு 3 கிராமுக்குச் சற்று மேல்; பாலிலுள்ள லாக்டோஸ் இன்னொரு 3 கிராம். சாக்லேட் வேண்டும் என்று தோன்றினால், துண்டு முழுவதையும் மூழ்க வைக்காமல் மேலே மெல்லிய கோடுகளாக விடுங்கள்.

இதில் ஈரமும் பாலும் இருப்பதால் கடலை மிட்டாய் போல டப்பாவில் போட்டு வெளியே வைக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். பொட்டுக்கடலைக்குப் பதில் பச்சைக் கடலை மாவையோ சோயா மாவையோ வறுக்காமல் சேர்க்க வேண்டாம்; வேகாத பருப்பு மாவு செரிமானத்துக்குத் தடை செய்வதோடு கிருமிகளையும் கொண்டிருக்கலாம். வேர்க்கடலையைப் பொறுக்கி எடுப்பதிலும் சோம்பல் கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படிந்தது, வாயிலிட்டால் கசப்பது ஆகியவற்றை எறிந்துவிடுங்கள். அவற்றில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு கல்லீரலுக்குக் கேடு செய்வது. வறுத்தால் அது முழுவதும் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு.

தங்களுக்கு நாளுக்கு ஒரு துண்டு போதும். மாலைத் தேநீரோடு உண்ணும் பிஸ்கட், முறுக்கு, வடை எதுவோ அதை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இதை வையுங்கள். அவற்றோடு கூடுதலாக இதையும் சேர்த்தால் எடைதான் ஏறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று கொண்டால், தங்கள் தேவை நாளுக்கு 53 கிராம். இந்தத் துண்டு அதில் எட்டில் ஒரு பங்கையே தருகிறது. மீதி, காலை இட்லியோடு ஒரு முட்டையாகவோ, மதியம் கெட்டியான பருப்பாகவோ மீனாகவோ, ஒரு கிண்ணம் சுண்டலாகவோ தயிராகவோ சாப்பாட்டின் வழியே வர வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இதைச் சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்துப் பாருங்கள். ஒருவருடைய உடலுக்கு ஓர் உணவு ஒத்துக்கொள்கிறதா என்பதை அது நேரடியாகக் காட்டிவிடும்.

மகன் கேட்கும் வே புரோட்டீன் நஞ்சு அன்று. பாலிலிருந்து பிரித்த புரதம்தான். ஆனால் மேற்சொன்ன கலவையில் பால் பவுடரில் பாதியை எடுத்துவிட்டு 50 கிராம் வே பவுடரைச் சேர்த்தால், துண்டுக்குக் கூடுவது ஒரு கிராமை ஒட்டிய புரதம்தான். அதற்குக் கொடுக்கும் விலையோ அதிகம். தவிர, வே சேர்த்த பார் சில நாள்களில் இறுகிக் கட்டையாகிவிடும். 16 முதல் 18 வயதுள்ள ஆண்பிள்ளைக்கு நாளுக்கு ஏறக்குறைய 55 கிராம் புரதம் போதும். எடைப் பயிற்சி செய்வதால் கூடுதலாகத் தேவைப்பட்டாலும், கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டியபின் தசை வளர்ச்சியில் பெரிய பயன் காணப்படவில்லை. அந்த அளவை முட்டை, பால், பருப்பு, கோழி, மீன் ஆகியவற்றாலேயே எட்டிவிடலாம். 2024-இல் வெளியான இந்திய உணவு வழிகாட்டுதல்களும் உடலைத் திரட்டுவதற்காகப் புரதப் பவுடர்களைச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்கின்றன. மகன் விளையாடிக் களைத்து வரும் நாளில் நான் சொன்ன துண்டு இரண்டைச் சாப்பிட்டு ஒரு தம்ளர் பாலும் குடிக்கட்டும். 20 கிராம் புரதம் கிடைத்துவிடும்.

மாமனாருக்கு இந்தப் பாரைக் கொடுக்க வேண்டாம். தங்கள் பழைய செய்முறையும் வேண்டாம், புதியதும் வேண்டாம். 72 வயதில் கிரியாட்டினின் 1.9 என்பது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பதைக் காட்டுகிறது. இந்த நிலையில், டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவில் நிறுத்துவதே வழக்கம். அதைவிடவும் கவனிக்க வேண்டியது, வேர்க்கடலை, எள், கொக்கோ, பேரீச்சம்பழம், பால் பவுடர் ஆகியவற்றில் பொட்டாசியமோ பாஸ்பரஸோ இரண்டுமோ மிகுந்திருப்பதாகும். பலவீனமான சிறுநீரகத்தால் அவற்றை எளிதில் வெளியேற்ற முடியாது. புரதத்தை முற்றிலும் நிறுத்துவதும் தவறு, வயதானவர் மெலிந்துவிடுவாரே என்ற அக்கறையில் கூட்டுவதும் தவறு. அவருடைய பொட்டாசியம், பாஸ்பரஸ், சிறுநீரில் அல்புமின் ஆகிய அளவுகளைச் சோதித்து, சிறுநீரக மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் காட்டி, அவருக்கென்று உணவுப் பட்டியல் ஒன்றை எழுதி வாங்குங்கள். அதுவரை, அவருக்கு நீரிழிவு இல்லையென்றால், மாலைப் பசிக்கு உப்புச் சேர்க்காத அரிசிப் பொரி ஒரு கிண்ணம் கொடுக்கலாம்.