ரேழியில் ஒரு ‘ர’

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும், தனக்குப் பிடித்த பத்துப் பொருள்களை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுத்து ‘ர’. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் மாமனார், “ரகரம் மொழிக்கு முதலில் வராது” என்று சொல்லி, ரசம், ரயில், ரிப்பன் என அவள் எழுதிய ஒன்பதுக்கும் முன்னால் சிவப்பு மையில் ‘இ’ போட்டுவிட்டார். “இ வந்துட்டா அது என் எழுத்தே இல்லையே” என்று, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் ரேழியில் போய் உட்கார்ந்து அழுகிறாள். நான் யார் பக்கம் பேசுவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் குழந்தையின் பக்கம். ‘இ’ வந்தால் எழுத்து மாறிவிடும் என்று அவள் கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி.

மாமனார் சொன்னதிலும் பிழை இல்லை. மொழிக்கு முதலில் வரும் என்று நன்னூல் சொல்பவை 22தான்: உயிர் 12, மெய் 10. அதில் ரகரம் கிடையாது. அதனால்தான் கம்பர் இராமன் என்று எழுதினார். ரங்கம் அரங்கமானதும் ரோமம் உரோமமானதும் இப்படித்தான். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு அ, இ, உ இவற்றில் ஒன்றை முன்னால் நிறுத்தித் தமிழ் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது. எவ்வளவு அழகான ஏற்பாடு! இதைப் பேத்திக்குச் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பது பெரிய பாக்கியம்.

ஆனால், அவரிடம் பணிவாக ஒன்று கேளுங்கள். சகரத்தோடு அ, ஐ, ஔ சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம். அப்படியானால் சட்டை, சட்டி, சர்க்கரை எதற்கும் இடமில்லை. நன்னூல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஜனங்கள் வாயில் புழங்கிய சொற்களுக்கு இலக்கணம் இடம் கொடுத்தது. ரசத்துக்கும் ரயிலுக்கும் நாம் அந்த இடத்தைக் கொடுத்து எத்தனையோ காலம் ஆகிறது.

அப்புறம், வீட்டுப்பாடத்தில் ‘பிடித்த’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, எனக்கு அதுதான் முக்கியம். எண்ணிக்கைக்காக ரம்பம், ராக்கெட் என்று யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவளை அடுக்களைக்குக் கூட்டிப் போங்கள். ரசம் பொங்கி, நுரை கூடி விளிம்புக்கு ஏறும்போது அடுப்பை அணைப்பீர்களே, அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கட்டும். ரஸ்க்கைப் பாலில் முக்கி, உடைந்து விழுவதற்குள் வாயில் போடட்டும். பிறகு, ஏன் பிடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒன்பதில் இரண்டு தேறாமல் போனால் போகட்டும், ஆசிரியையிடம் நீங்கள் பேசிக்கொள்ளலாம்.

இன்னொரு சொல் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவள் உட்கார்ந்து அழுத இடம் ரேழி. இடைகழி என்ற நல்ல தமிழ்ச்சொல்தான் பேச்சில் தேய்ந்து ரேழி ஆனது. இரண்டு ரெண்டானது போல, முதலில் இருந்த ‘இ’ தானாகவே உதிர்ந்துவிட்டது! மாமனாருக்கு இது தெரியாமல் இருக்காது. கோபத்தில் நினைவுக்கு வந்திருக்காது.

திருக்கோவலூரில் மழை கொட்டிய ஓர் இரவில் முதலாழ்வார்கள் மூவரும் ஒதுங்கியது ஒரு இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவு இடம். மூவரும் நின்றார்கள், நான்காவதாகப் பெருமாளும் வந்து நெருக்கினார் என்பது கதை. அதை அதே ரேழியில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லும்படி மாமனாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரேழி அவளுக்குப் பிடித்த இடமா என்பதை அதற்குப் பிறகு அவளே சொல்லட்டும்.

சிவப்பு மை பட்ட பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அதற்கு அடுத்த பக்கத்தில் அவள் கையாலேயே புதிதாக எழுதட்டும்.