பழங்குடியினரின் மூலிகை அறிவை ஆய்வு செய்வதால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

கிடைக்கலாம், ஆனால் தானாகக் கிடைப்பதில்லை. இதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்வு கேரள-தமிழக எல்லையிலுள்ள அகத்தியமலையில் வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியினருடையது. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான தாவர ஆய்வுக் குழு அம்மலையில் ஏறியபோது, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஒரு செடியின் சிறு காய்களை மென்றபடி களைப்பின்றி நடந்ததைக் கண்டு, அது என்னவென்று விசாரித்தது. வெளியாருக்குச் சொல்லத் தயங்கியவர்கள், பின்னரே ஆரோக்கியப்பச்சை என்ற அச்செடியைக் காட்டினார்கள்.

திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அச்செடியைச் சோதித்து, அதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசி பத்து இலட்சம் ரூபாய் உரிமக் கட்டணமும் விற்பனையில் 2 சதவீதமும் தர இசைந்தது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என முடிவானது. பணத்தைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997-இல்தான் பதிவாயிற்று.

இந்த ஏற்பாட்டைக் குறையற்றதாக நான் கருதவில்லை. தகவல் சொன்னவர்கள் இளைஞர்கள், மரபு மருத்துவர்கள் அல்லர். மரபு மருத்துவர்களில் சிலரோ, சமூகத்துக்குப் பொதுவான அறிவு தனியாருக்கு விற்கப்படுவதாக எதிர்த்தார்கள். காட்டிலிருந்து இலை சேகரிக்க வனத்துறை விதித்த தடையால் மூலப்பொருளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. தமிழகத்திலும் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள் (திருநெல்வேலி, கன்னியாகுமரி மலைகளில்), ஆனால் அறக்கட்டளை கேரளத்தவருக்கு உரியதாகவே அமைந்தது. ஆகவே ஆய்வாளர், யாரிடம் கேட்கிறோம், அவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டா, பயன் எப்படிப் பகிரப்படும் என்பவற்றைக் குறிப்பேட்டைத் திறக்கும் முன்பே அச்சமூகத்துடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.