மூன்று மாத பெங்கால் பூனைக்குட்டிக்குப் பச்சைக்கறி மட்டும் கொடுத்து வளர்க்கலாமா?

சேலத்தில் பெங்கால் குட்டி வாங்கியிருக்கிறீர்கள். "காட்டுப்பூனை ரத்தம், பச்சைக்கறி போட்டால்தான் உடம்பு தேறும்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அப்படியே செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டிலும் ஒரு பெங்கால் இருக்கிறான், இப்போது ஐந்து வயது. வெறும் கறியை நம்பி நாங்கள் வளர்த்த அந்த முதல் சில மாதங்களில் அவன் பட்ட பாடு உங்கள் குட்டிக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவன் வந்த நாளிலிருந்து தினமும் போன்லெஸ் கோழிதான். அம்மா மஞ்சள் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, கறியை நார் நாராகப் பிய்த்து வைப்பார். தட்டை வழித்து நக்கிவிட்டுப் போவான். ஐந்தாவது மாதத்தில் பீரோ மேல் ஏறுவதை நிறுத்தினான். கீழே நின்று மேலே பார்ப்பான், பின்னங்காலை மடக்கி இடுப்பை ஆட்டித் தயாராவான், அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிடுவான். தூக்கினால் முனகினான். எக்ஸ்ரே எடுத்தார்கள். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு, சுற்றியிருக்கும் சதை மாதிரியே மங்கலாக இருந்தது. ஒரு பின்னங்கால் எலும்பில் மெல்லிய விரிசல். என்ன சாப்பாடு என்று டாக்டர் கேட்டார். "கறி மட்டும்தான் சார்" என்றேன். "அதுதான் காரணம்" என்றார்.

பச்சையோ வேகவைத்ததோ, சதைக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகமிகக் குறைவு. சாப்பாட்டில் கால்சியம் கிடைக்காவிட்டால் உடம்பு அதைச் சொந்த எலும்பிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டிக்கு இது சில வாரங்களிலேயே வினையாகிவிடும். காட்டில் இருக்கும் பூனை எலியையோ ஓணானையோ எலும்பு, குடல், ஈரல் என்று மொத்தமாகத் தின்கிறது. போன்லெஸ் அதில் ஒரு பங்குதான்.

அந்தக் 'காட்டு ரத்தம்' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி ஆசியச் சிறுத்தைப்பூனையை வீட்டுப்பூனையோடு 1963-இல் முதலில் இணைசேர்த்தார். இன்று நாம் வாங்கும் குட்டிகள் அதிலிருந்து பல தலைமுறை தள்ளி வந்தவை. உடம்பில் புள்ளி இருக்கிறதே தவிர, வயிற்றின் தேவை நம் தெருப்பூனைக்கு உள்ளதேதான். பச்சைக்கறியில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியின் பயம் எப்போதும் உண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப்பூனைகளுக்கே பறவைக்காய்ச்சல் வந்தது கண்டறியப்பட்டது. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நமக்குக் கோழிக்குக் குறைவில்லை, ஆனால் வேகவைத்தே கொடுங்கள்.

அடுத்தது டாரின் என்ற சத்து. பூனையின் உடம்பு இதைத் தேவையான அளவு தானே செய்துகொள்ளாது, கறியிலிருந்துதான் வர வேண்டும். இது குறைந்தால் இதயத் தசை பலவீனமாகி வீங்கும் என்பது 1987-இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. கண்பார்வையும் போகும். டாரின் தண்ணீரில் கரையக்கூடியது. அம்மா வடித்துக் கொட்டிய தண்ணீரில்தான் பாதி சத்து போயிருக்கிறது என்று தெரிந்தபோது மனசு கேட்கவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். அடிப்படைச் சாப்பாடு, குட்டிகளுக்கான முழுமையான பூனை உணவு. பாக்கெட்டில் 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று இருக்கிறதா, 'துணை உணவு' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிரேவி பாக்கெட்டுகள் சிலது துணை உணவுதான், அதை மட்டும் கொடுத்தால் மறுபடியும் அதே கதை. ஒரு வயது வரை குட்டி உணவு, இப்போதைக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. கோழி அதற்கு மேல் ஆசைக்கு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல். கறிக்கடையில் ஈரலோடு ஒட்டி வரும் இதயத்தைக் கேட்டு வாங்குங்கள், டாரின் அதில் அதிகம். ஈரல் வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டு போதும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேட்டூர் மீன் கிடைத்தால் வேகவைத்து, முள் எடுத்து, எப்போதாவது. வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

குழம்பில் கிடக்கும் கறியை எடுத்துக் கழுவிப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், கழுவினாலும் சாறு போகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கில் முடியும்.

நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. உலர் உணவில் பத்து சதவீதம் அளவுக்குத்தான் ஈரம், ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல். அதனால் கோழி வேகவைத்த தண்ணீரை, உப்பில்லாமல், உலர் உணவின் மேல் ஊற்றிக் கொடுக்கிறேன். அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். அவன் முதலில் முன்னங்காலை விட்டு அலசுவான், பிறகு காலை நக்குவான், அதற்கப்புறம்தான் குடிப்பான். ஈர உணவு மிச்சம் இருந்தால் அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். இதுவரை கறி மட்டுமே கொடுத்திருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கால்சியம் மருந்தை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு கூடினாலும் கெடுதல்தான். எங்கள் பையனை டாக்டர் சொன்னபடி பல வாரம் சின்னக் கூண்டில் குதிக்க விடாமல் வைத்திருந்து, சாப்பாட்டை மாற்றித்தான் தேற்றினோம். இதைத் தட்டச்சு செய்யும்போது பீரோ மேல்தான் படுத்திருக்கிறான், வால் மட்டும் கீழே தொங்குகிறது.