ஒயர் எங்கே அறுகிறது? சைக்கிள் பவர் மீட்டர் கேள்வி பதில்

வாசகர், பொள்ளாச்சி: வணக்கமுங்க. சைக்கிளின் பின் சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) பவர் மீட்டர், அதாவது மிதிக்கிற உழைப்பை வாட்ஸில் அளக்கிற கருவி, இருக்கிற பழைய செட் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒயர் வைத்த மாடல். நேர் ரோட்டில் வாட்ஸ் சரியாகக் காட்டுகிறது. ஆழியாறு தாண்டி வளைவு ஏறினால் விட்டு விட்டுப் பூஜ்யம் ஆகிவிடுகிறது. ஹப் போய்விட்டதுங்களா? கழட்டிப் போட்டுவிடலாமா?

போட்டுவிடாதீர்கள். வளைவில் மட்டும் விட்டுப்போகிறது என்றால் சந்தேகம் ஹப் மேல் அல்ல, ஒயர் மேல்தான். இந்த வகையில் ஹப்புக்கும் ஃபிரேமில் கட்டிய ரிசீவருக்கும் இடையில் ஒயர் கிடையாது, அது ரேடியோ. ரிசீவரிலிருந்து ஹேண்டில்பார் மீட்டர் வரைக்கும்தான் ஒயர். வேகம், வாட்ஸ் இரண்டும் அந்த ஒரே ஒயரில் போகின்றன. முதலில் ஹப்புக்குப் புது பட்டன் பேட்டரி போட்டு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒருவரைப் பெடலைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். வேகம் காட்டும்போது ஹேண்டில்பாரை இடக்கோடி வரை, பிறகு வலக்கோடி வரை திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் வேகம் பூஜ்யமானால் ஹேண்டில்பார் கழுத்துப் பக்கத்தில்தான் முறிவு. அப்படி ஆகவில்லையென்றால் ரிசீவரில் தொடங்கி, இரண்டு இரண்டு அங்குலமாக ஒயரை விரலால் மெல்ல மடக்கிக்கொண்டே மேலே வாருங்கள். மேல் தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்: அந்த இடம் மட்டும் நூல் மாதிரி தொய்வாக மடங்கும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரு முனையையும் தொட்டால் உறுதியாகிவிடும்.

பெரும்பாலும் அறுகிற இடங்கள் மூன்று: கழுத்து வளைவு, கேபிள் டை இறுக்கிய இடம், ரிசீவரிலிருந்து ஒயர் வெளியே வருகிற வாய். நடு ஒயர் தானாக அறுவது அபூர்வம். நடுவில் அறுந்திருந்தால் செயின் உரசியிருக்கும், இல்லை சக்கரம் கழற்றும்போது இழுத்திருப்பீர்கள்.

கழுத்தில் அறுந்தால் அதே இடத்தில் ஒட்டுப்போடாதீர்கள். ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும்; மடங்குகிற இடத்தில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். முறிந்த பகுதியை இரு பக்கமும் 2 செ.மீ. சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர் சேர்த்து, ஒட்டு டவுன் டியூபின் (கழுத்திலிருந்து பெடல் பக்கம் இறங்கும் ஃபிரேம் குழாய்) நேர்ப் பகுதியில் விழுகிற மாதிரி நீட்டிக்கொள்ளுங்கள். பல இழை ஒயர்தான் வேண்டும், ஒற்றைக் கம்பி கூடாது. உள்ளே இருக்கும் தனித்தனி ஒயர்களின் ஒட்டுகள் ஒன்றுக்கொன்று 1 செ.மீ. தள்ளி இருக்கட்டும், பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஷார்ட் ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழல்), எல்லாவற்றுக்கும் மேல் உள்ளே பசை பூசிய ஸ்லீவ் ஒன்று. கோவையில் மோட்டார் வைண்டிங் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

திரும்பக் கட்டும்போது ஒயரை பிரேக் கேபிள் மேல் மூன்று நான்கு சுற்று தளர்வாகச் சுற்றிவிடுங்கள். ஹேண்டில்பார் முழுசாகத் திரும்பினாலும் ஒயர் இழுபடக் கூடாது. கேபிள் டையை இறுக்குவதற்கு ஓர் அளவு: நகத்தால் தள்ளினால் ஒயர் அதனுள் நகர வேண்டும். நகரவில்லை என்றால் அடுத்த முறிவுக்கு நீங்களே நாள் குறித்துவிட்டீர்கள்.

மீட்டர் உட்காரும் தொட்டிலின் பித்தளைப் புள்ளிகளில் பச்சை பூத்திருந்தால் அது வியர்வை உப்பு செய்த அரிப்பு. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, சிலிகான் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு.

1986-ல் உல்ரிச் ஷோபரர் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்ஆர்எம் பவர் மீட்டரும் பல வருடம் ஒயர்தான். வயர்லெஸ் வந்தபின் ஒயரின் தொல்லை போய், பேட்டரி மூடியின் தொல்லை வந்தது. அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

வாசகர், திருப்பூர்: கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) பவர் மீட்டர், ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளிலிருந்து தாறுமாறாகக் காட்டுகிறது.

ஐபிஎக்ஸ்7 என்றால் அசையாத தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனை உண்டு. 7 தேறியதால் அவையும் தேறியதாக ஆகாது. வாட்டர் கன் தண்ணீர் நேராக ஓ-ரிங்கை (பேட்டரி மூடியின் ரப்பர் வளையம்) விலக்கி உள்ளே போய்விடும்.

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஈரத்தில் கரண்ட் ஓடும்போதுதான் தகடு அரிக்கும். அதிலும் போர் உப்புத் தண்ணீர் என்றால் காய்ந்த பிறகும் வெள்ளைப் படிவு நின்று, அடுத்த ஈரத்துக்குக் கசிய ஆரம்பிக்கும். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் போனதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. மூடியைத் திறந்து, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அரிசிப் பானை வேண்டாம், தூசிதான் சேரும். வெயிலில் காய வைப்பதும் வேண்டாம்.

பிறகு புது சிஆர்2032 பட்டன் பேட்டரி போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு ஐந்து முறை ஜீரோ ஆஃப்செட் (அழுத்தமே இல்லாதபோது மீட்டர் காட்டும் எண்) பாருங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே எண் என்றால் பிழைத்தது. எண் குதித்தால் தண்ணீர் சர்க்யூட்டைத் தொட்டுவிட்டது. கம்பெனிக்கு அனுப்புவதுதான் வழி. ஓ-ரிங் முறுக்கியிருந்தால் புதிது போடுங்கள். அதற்குப் பூச சிலிகான் கிரீஸ் மட்டும். பேரிங் கிரீஸ் சில ரப்பரை ஊத வைத்துவிடும்.

வாசகர், மேட்டுப்பாளையம்: கோத்தகிரி ஏறி முடிக்கையில், அதே உழைப்புக்கு 8, 10 வாட்ஸ் மாறிக் காட்டுகிறதே?

குளிர். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். கோத்தகிரிக்குள் 9 டிகிரி போய்விடும். கிராங்கின் உலோகமும் அதில் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜும் (உலோகம் வளைவதை அளக்கும் மெல்லிய சென்சார்) ஒரே அளவில் சுருங்குவதில்லை, பூஜ்யம் நகர்கிறது. டார்க்கில் (சுற்றும் விசை) நகர்வு 1 நியூட்டன் மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 60 சுற்றில் 6 வாட்ஸ், 90-ல் 9 வாட்ஸ் பிழை. வெப்பத்துக்குத் தானே ஈடுகட்டும் மாடலிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்தவுடன் ஜீரோ செய்யாமல், வெளியே 15 நிமிடம் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். வழியில் டீக்கு நிற்கும்போது இன்னொரு முறை.

வாசகர், ஈரோடு: வாட்ஸ் சரியா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

டார்க் எண்ணைக் காட்டுகிற ஆப் இருந்தால் முடியும். மஞ்சள் மண்டி எலக்ட்ரானிக் தராசுக்குள் எடையை உணர்கிற லோட் செல்லிலும் இதே ஸ்ட்ரெய்ன் கேஜ்தான். பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிராங்கைத் தரைக்கு இணையாக வைத்து, பெடல் அச்சில் எடையைத் தொங்கவிடுங்கள். இடப்பக்க மீட்டர் என்றால் இடப் பெடலில். 170 மி.மீ. கிராங்கில் 10 கிலோவுக்கு 16.7 நியூட்டன் மீட்டர் வர வேண்டும், 20 கிலோவுக்கு 33.4. இடப்பக்கத்தை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் சில மீட்டர்கள் டார்க்கையும் இரட்டித்துக் காட்டும், குழம்ப வேண்டாம். முத்திரை போட்ட எடைக்கல் வேண்டும், அரிசிச் சிப்பம் ஆகாது. எண் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருந்தால் கை வைக்காதீர்கள்.

வாசகர், தாராபுரம்: புதிதாக வாங்க பெடலா, கிராங்க் ஸ்பைடரா?

ஒரே சைக்கிள் என்றால் ஸ்பைடர், அதாவது கிராங்கில் பல் சக்கரத்தைத் தாங்கும் கைகளில் மீட்டர் இருக்கிற மாடல். சைக்கிள் சாய்ந்தால் பெடல் தரையில் மோதும், பேரிங் ஆட்டமும் அதற்குள்ளேயே. இரண்டு சைக்கிளுக்கு மாற்றி மாற்றிப் போடுவதாக இருந்தால் பெடல் வாங்குங்கள், டார்க் ரெஞ்சும் சேர்த்து.