எச்.ஐ.வி. உள்ளவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் உங்கள் சித்தப்பா கோவையில் அட்மிட் ஆகி, எச்.ஐ.வி. என்று தெரிந்து, மாத்திரை ஆரம்பித்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். எப்படிப் பார்த்துக்கொள்வது, அக்கம்பக்கம் தெரியாமல் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா வீட்டுக்காரர் பல வருடமாக இதே சிகிச்சையில் இருக்கிறார். நாங்களும் குன்னூர் பக்கம் கொழுந்து பறிக்கிற குடும்பம்தான்.

தனித்தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதாலோ, பிள்ளைகள் அவர் கம்பளிக்குள் படுத்துக்கொள்வதாலோ பரவாது. ஷேவிங் பிளேடு மட்டும் தனியாக இருக்கட்டும். உங்கள் கவனமெல்லாம் மாத்திரை ஒருநாளும் நிற்காமல் பார்த்துக்கொள்வதில் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை, மலையில் மாத்திரையை விட்டவர்கள் யாரும் அலட்சியத்தால் விடவில்லை. பஸ், ஒருநாள் கூலி, மழை, பக்கத்து வீட்டுக் காது, இவற்றால்தான் விட்டார்கள்.

லைன் வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம். பாட்டிலைக் குலுக்கினாலே கேட்கும். அக்கா காலாவதித் தேதியைக் குறித்துக்கொண்டு லேபிளைக் கிழித்துவிடுவாள். பாட்டிலைக் கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பாள். ஆனால் மாத்திரையை வேறு டப்பாவில் கொட்ட விடமாட்டாள். நம் ஊர் ஈரத்துக்கு, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அதே பாட்டிலில் இறுக மூடி வைப்பதுதான் சரி.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது.

முதல் சில மாதங்கள்தான் ரொம்ப முக்கியம். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, உள்ளே பதுங்கியிருந்த காசநோய் போன்றவை காய்ச்சலாகவோ கழுத்தில் கட்டியாகவோ வெளியே வரலாம். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே எல்லா இருமலுக்கும் பனிதான் காரணம் என்போம். அவருக்கு அப்படி விடக் கூடாது. இருமல் எத்தனை நாளாக இருந்தாலும், கூடவே எடை குறைந்தாலும், இரவில் வியர்த்தாலும் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். விடாத தலைவலி, மூச்சுத்திணறல் என்றால் அன்றைக்கே.

அப்புறம் மாத்திரை வாங்கும் வேலை. எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். உங்களுக்குப் பக்கத்தில் அதோடு சேர்ந்து மாத்திரை தரும் இணைப்பு மையம் இருக்கிறதா, உடம்பு நிலைப்பட்ட பிறகு அங்கே மாற்றித் தருவார்களா, சில மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்களா என்று மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் கேளுங்கள். கூச்சப்படாமல் கூலி போகிற கதையையும் சொல்லுங்கள். பாட்டில் காலியாகும் வரை காத்திருக்காதீர்கள், ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் நாள் தள்ளிப்போகும். வெளியூர் போனால் மையத்தில் தரும் சிகிச்சைப் புத்தகம் கையில் இருக்கட்டும். அதைக் காட்டி அங்குள்ள மையத்தில் கேட்கலாம்.

யாரிடம் சொல்வது என்பது சித்தப்பாவின் முடிவு. வீட்டில் யாரும் அவரைக் கேட்காமல் வாய் திறக்க வேண்டாம். இதற்காக வேலையை விட்டு நிறுத்துவதும், அவர் சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளியே சொல்வதும் 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி தவறு. 2018 செப்டம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. மேஸ்திரி கேட்டால் 'ஆஸ்பத்திரியில் இருந்தார், தேறிவருகிறார்' என்று சொன்னால் போதும்.

சித்தியையும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். பிள்ளைகளுக்கு வேண்டுமா என்பதை அங்கேயே கேளுங்கள். சித்தப்பா விடாமல் மாத்திரை போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், தாம்பத்தியத்தில் அவரிடமிருந்து அது பரவாது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு ரிப்போர்ட் அப்படி வரும் வரை ஆணுறை அவசியம். கவுன்சிலரைப் பார்க்க முடியாத நாளில் சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.